ஈர ரப்பர் விறகும் எங்க வீட்டு சிம்னியும்

எங்க வீடு கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம், அடுக்களையில கேஸ் இருந்தாலும் மீன்கறியும் மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) இன்னைக்கும் விறகுலதான். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடிச்சப்ப பின்னால நின்ன ரப்பர் மரமெல்லாம் சாஞ்சுபோச்சு, கரண்டும் நாள்கணக்கா இல்ல, அம்மை சொன்னாவ விறகு இவ்வளவு கிடக்கே இதையே எரிப்போம்னு, நானும் அப்பாவும் வெட்டி வெட்டி பச்சையாவே அடுப்புல வச்சோம். பச்சை மரத்துல உள்ள தண்ணி ஆவியாவதுக்கே சூடெல்லாம் போயிரும், சரியா எரியாத புகை சிம்னி பைப்புக்குள்ள ஏறி குளுந்து தார் மாதிரி ஒட்டிக்கிடும். அன்னைக்கு எங்களுக்கு அது தெரியாது.

மூணு மாசம் கழிச்சு ஒரு சாயங்காலம், கொதும்பு (காஞ்ச தென்னம்பாளை) வச்சு நல்லா தீ மூட்டியிருந்தோம், மேல லாரி போற மாதிரி ஒரே இரைச்சல், முத்தத்துல இறங்கிப் பாத்தா சிம்னி வாயில தீ! உள்ள படிஞ்ச தாரு பத்திட்டு. அப்பா தண்ணி எடுக்க ஓடினாவ, பக்கத்து வீட்டு கொத்தனார் மாமா கையப் புடிச்சு நிறுத்திட்டாவ, சுட்டுக் கிடக்க சிமெண்ட் பைப்புல தண்ணி பட்டா வெடிச்சிரும்னு. விறக வெளிய இழுத்துப் போட்டு, அடுப்பு வாய தகரத்தால அடைச்சு சுத்தி ஈரமண்ண அப்பினோம், காத்து போகலன்னதும் மெதுவா அடங்கிச்சு. அம்மைக்கு கை நடுக்கம் நிக்க ராத்திரி ஆச்சு.

இப்ப ரப்பர் விறக கீறி, மேல மட்டும் ஷீட் போட்டு பக்கமெல்லாம் காத்து போற மாதிரி அடுக்கி, ஒரு கோடை முழுக்க காயவிட்டுதான் எடுக்கோம். ரெண்டு துண்ட தட்டினா டங்குனு கேக்கணும், சொத்துனு கேட்டா காயல. ஜூன் மழைக்கு முன்னாடி ஒரு தடவ, ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவ, கயித்துல கல்லக் கட்டி சாக்கு சுத்தி சிம்னிக்குள்ள மேலருந்து இறக்கி இழுப்போம். அடுப்பு வாய மூடிட்டு செய்யுங்க, இல்லன்னா அடுக்களை பூரா கரிதான்.

*

அக்கா, உங்க சிம்னி கதையப் படிச்சேன், நாங்க தக்கலை. எங்களுக்குத் தீ பிடிக்கல, பைப்பு அடைச்சதுதான் வினை. மழைனு ஜன்னலெல்லாம் சாத்திட்டு சோறு வச்சோம், பாட்டிக்கு தலை சுத்தி வாந்தி வந்திட்டு, தூக்கி வெளித்திண்ணையில உக்கார வச்ச பிறகுதான் தெளிஞ்சாவ. கார்பன் மோனாக்சைடுனு டாக்டர் சொன்னாரு, அதுக்கு மணமே கிடையாதாம். மறுநாள் ஏறிப் பாத்தா உள்ள மைனாக் கூடு. இப்ப சிம்னி மேல கம்பிவலை போட்டாச்சு, எவ்வளவு மழைன்னாலும் ஒரு ஜன்னல் திறந்தேதான் கிடக்கும்.