மறு: 'பொருந்தும் தண்டுக்கலம்' – வேறு சொல் வேண்டும்

அக்காமார், அண்ணாமார் எல்லோருக்கும் வணக்கம். உடலின் வேறு கலங்களாக (செல்களாக) மாறக்கூடிய ஸ்டெம் செல்லுக்கு, முண்ணாண் காயக் கையேட்டில் எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்ற எங்கள் பேச்சுக்கு இது என் பதில்.

> தண்டுக்கலம் ஏற்கனவே பரவிவிட்ட சொல். அதையே வைத்துக்கொள்ளலாமே?

இரத்தப் புற்றுநோயைப் பற்றி எழுதும்போது வைத்துக்கொள்ளலாம், அண்ணா. முண்ணாண், அதாவது முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தொகுதி, காயப்பட்டதைப் பற்றி எழுதும்போது இடிக்கிறது. முதுகெலும்பை நாங்கள் முள்ளந்தண்டு என்கிறோம், முண்ணாணைத் தமிழகத்தில் தண்டுவடம் என்கிறார்கள். இரண்டிலும் தண்டு நிற்கிறது. நோயாளர் குடும்பங்களுக்கான கையேட்டின் வரைவை இங்கே கொழும்பில் ஒரு வாட்டில் வாசித்துக் காட்டினேன். ஓட்டோ விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த பையனின் அம்மா, அவன் முதுகில் கையை வைத்தபடியே, "இவன்ரை தண்டிலயிருந்தோ தம்பி எடுக்கப் போகினம்?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எழாத சொல் வேண்டும்.

குருத்துக்கலம் என்று வைப்போம். குருத்து தமிழகத்தாரின் குருத்தணுவில் இருக்கிறது, கலம் எங்கள் பாடநூல்களில் இருக்கிறது. இனித்தான் விரிந்து ஏதோ ஒன்றாக ஆகப்போவது என்ற பொருளும் கிடைக்கிறது. குருத்தெலும்போடு குழம்பும் என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். இங்கே அதைக் கசியிழையம் என்றே படித்தோம், அதனால் எங்களுக்குத் தடையில்லை.

கடினமான பாதி 'பொருந்தும்' என்பதுதான். காயத்தில் போய் ஒட்டிக்கொள்ளும் கலம் என்று வாசிக்கிறவர் நினைப்பார். உண்மையில் கேள்வி, உடலின் நோயெதிர்ப்பு அதை அந்நியமென்று தாக்குமா என்பது. அதைப் பெரிதும் தீர்மானிப்பவை 6ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) உள்ள எச்.எல்.ஏ. மரபணுக்கள். கூடப்பிறந்தவரோடு அவை முழுதாகச் சேர்வதற்கே நாலில் ஒரு வாய்ப்புத்தான். தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே தொகுதியைப் பெற்றவர்களின் கலங்களை ஜப்பானின் கியோத்தோ பல்கலைக்கழகத்தில் சேமித்து வைப்பதும் இதற்காகவே. ஒரு கொடையாளியின் கலம் பலருக்கு உதவும்.

'ஒத்த' என்று போட்டால் அச்சொட்டாக ஒன்றே என்றாகிவிடும், அது பிழை. ஒவ்வாமை எல்லோருக்கும் தெரிந்த சொல், கிளினிக் கொப்பியில் கூட எழுதுகிறார்கள். அதன் மறுதலையாக 'ஒவ்வும் குருத்துக்கலம்' என்றால் விளக்கமே வேண்டாம்.

அப்புறம், 'மீட்புக்கலம்' என்ற முன்மொழிவு. தயவுசெய்து வேண்டாம். ஜப்பானின் கெய்யோ பல்கலைக்கழகத்தில், முண்ணாண் காயப்பட்டு 2 முதல் 4 வாரங்களுக்குள், அசைவும் உணர்வும் முற்றாக இழந்த நால்வருக்கு, குருத்துக்கலங்களிலிருந்து வளர்த்த கலங்களை ஆளுக்கு 20 இலட்சம் வீதம் முண்ணாணில் வைத்தார்கள். 2025 மார்ச்சில் முடிவைச் சொன்னார்கள்: இருவருக்கு அசைவு கூடியது, அவர்களில் ஒருவர் எழுந்து நின்று நடை பழகத் தொடங்கினார். மற்ற இருவருக்கு அப்படி முன்னேற்றம் இல்லை. நால்வரும் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்தும் எடுக்க வேண்டியிருந்தது. பழைய காயங்களுக்கு இது பலிக்குமா என்பதை இனித்தான் பார்க்க வேண்டும். இந்த நிலையில் பெயரிலேயே மீட்பு என்று எழுதினால், காணியை விற்றுக் கொண்டு வெளிநாட்டுக் கிளினிக்குகளுக்கு ஓடும் குடும்பங்களை நாங்களே தள்ளிவிட்டதாக ஆகும். பரிசோதனைச் சிகிச்சை என்று ஒவ்வொரு பக்கத்திலும் எழுதலாம் என்பது என் எண்ணம்.

ஜப்பானிய ஆய்வாளர் ஷின்யா யமனாக்கா 2006இல் எலியின் தோல்கலத்தைக் குருத்துநிலைக்குப் பின்னோக்கித் திருப்பிப் பெற்றாரே, அந்த வகைக்கு 'தூண்டிய பல்திறன் குருத்துக்கலம்' என்று எழுதியிருக்கிறேன். பலவகைக் கலங்களாக மாறும் திறனைத்தான் பல்திறன் என்றேன், ஆனால் அதைக் கெட்டித்தனம் என்று வாசிப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. பேராதனையில் படிப்பிக்கும் அக்கா இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து