திருவிருந்து எடுக்காமல் எழுந்து வந்த ஞாயிறு

மனந்திரும்பிய சாட்சி என்றால் பலரும் குடியை விட்டது, சிறைக்குப் போய் வந்தது என்று சொல்வார்கள். என்னிடம் அப்படி ஒன்றும் கிடையாது. நான் சிறுவயதிலேயே ஞானஸ்நானம் பெற்றவன், ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்துப் பரிசு வாங்கியவன். கன்வென்ஷன் கூட்டங்களில் மூன்று முறை கையை உயர்த்தி அர்ப்பணித்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் உண்மையாகவே அழுதேன். மறுநாள் காலையில் கடையைத் திறந்து அதே தராசில்தான் நிறுத்தேன்.

உடன்குடிப் பக்கம் எங்களுக்குக் கருப்பட்டி வியாபாரம். அப்பா காலத்துக் கடை. எங்கள் ஊர்ப்பக்கம் பனையேறிகளுக்குச் சீசன் தொடங்கும் முன்பே வியாபாரி அட்வான்ஸ் கொடுத்துவிடுவார். பிள்ளைக்குப் பள்ளிக்கூடச் செலவு, வீட்டில் வைத்தியம் என்று அவர்களும் வாங்கிவிடுவார்கள். வாங்கியபின் கருப்பட்டியை வேறு கடைக்குக் கொண்டுபோக முடியாது, நாம் சொன்னதுதான் விலை. அதற்குமேல் கழிவு. ஈரம் இருக்கிறது, உடைசல் இருக்கிறது என்று 10 கிலோவுக்கு 1 கிலோவைத் தள்ளிவிடுவோம். ஈரமில்லாத சரக்குக்கும் தள்ளுவோம். நான் பொறுப்பேற்றபிறகு இன்னொன்றும் சேர்ந்தது. பழைய கருப்பட்டியை உருக்கிச் சீனிப்பாகு கலந்து, மறுபடி சிரட்டையில் ஊற்றி எடுத்து விற்றேன். 2023-ல் உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தச் செய்தியை வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டியிருந்தேன். அதற்குக் கீழேதான் சீனி மூட்டை இருந்தது.

2024-ல், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாட்களில், மார்ச் முதல் ஞாயிறு. அப்பமும் திராட்சரசமும் பெறுகிற திருவிருந்து ஆராதனை. ஆல்டர் என்கிற பீடத்தின் முன்னால் முழங்காலில் இருந்தேன். எனக்கு இடப்பக்கம் ஒரு பெரியவர் வந்து முழங்காலிட்டார். எங்கள் கடைக்குச் சரக்குப் போடுகிறவர், பாட்டையா என்றுதான் கூப்பிடுவேன். நாற்பது வருஷத்துக்கு மேல் பனையேறியவர். அப்பம் வாங்க இரண்டு கைகளையும் ஏந்தியிருந்தார். உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, வெடிப்பு, வெடிப்புக்குள் சுண்ணாம்பு. பதநீர் புளிக்காமல் இருக்கக் கலயத்தில் தடவுகிற சுண்ணாம்பு அது, கழுவினாலும் போகாது.

அன்று ஐயர், எங்கள் சபைப் போதகர், பிரசங்கத்துக்கு எடுத்திருந்த வசனம் மத்தேயு 5-ம் அதிகாரம். காணிக்கை செலுத்த வரும்போது உன் சகோதரனுக்கு உன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போ, முதலில் அவனோடு ஒப்புரவாகு என்கிற பகுதி. எத்தனையோ தடவை கேட்டதுதான். அந்தக் கைகளுக்குப் பக்கத்தில் என் கையை நீட்ட முடியவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன். உடம்புக்கு முடியவில்லை என்று நினைத்துக்கொண்டு யாரோ தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அன்று ராத்திரி லூக்கா 19-ஐ எடுத்து வாசித்தேன். இயேசுவைப் பார்க்க எரிகோவில் மரத்தில் ஏறியிருந்த வரிவசூல்காரன் சகேயுவின் கதை அது. அவனிடம் இயேசு எதையுமே கேட்கவில்லை. பணத்தைக் கொடு என்று சொல்லவில்லை, கணக்குக் காட்டச் சொல்லவில்லை. இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் தங்கவேண்டும் என்றார், அவ்வளவுதான். எழுந்து நின்று பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது உண்டானால் 'நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்' என்று சொன்னது சகேயு. அதற்குப் பிறகுதான் இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்கிறார் ஆண்டவர். எங்கள் ஊரில் மரமேறுகிறவன் ஏமாற்றப்படுகிறவன். எரிகோவில் மரத்தில் ஏறியிருந்தவன் ஏமாற்றினவன். இந்த வித்தியாசம் அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மனந்திரும்புதல் என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன், என் கையில் இருந்த ஒரு காசுகூட யாரிடமும் திரும்பிப் போனதில்லை.

மனைவியிடம் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நோட்ட எடுங்க, பாப்போம்" என்றாள். ஆறு சீசன் நோட்டுகள்தான் முழுசாகக் கிடைத்தன, 2018 முதல் 2023 வரை. பாட்டையா வாரத்துக்குச் சராசரியாக 40 கிலோ போட்டிருக்கிறார். கழிவு 4 கிலோ. சீசனுக்கு 24 வாரம் என்று வைத்தால் 96 கிலோ, ஆறு வருஷத்துக்கு 576 கிலோ. கிலோ 150 ரூபாய் என்று போட்டால் 86,400 ரூபாய். ஒரு குடும்பத்துக்கு மட்டும் இவ்வளவு. பதினொரு குடும்பங்கள் இருந்தன. நாலு மடங்கு கொடுக்க என்னிடம் வழியில்லை. பழைய ஏற்பாட்டில் எண்ணாகமம் 5-ல், செய்த தப்பை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டோம். பாட்டையா கணக்கு 1,03,680. ரோட்டோரத்தில் பையனுக்கென்று வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றோம். பையன் ஒரு மாதம் என்னிடம் பேசவில்லை. அவனை நான் குறை சொல்லமாட்டேன்.

பணத்தோடு முதலில் பாட்டையா வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்காரச் சொல்லிப் பதநீர் கொடுத்தார்கள். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"அண்ணாச்சி, அது எங்களுக்குத் தெரியும்லா. வீட்டுல நிறுத்துப் பாத்துட்டுத்தான கொண்டாருவோம். அட்வான்ஸ் வாங்கியாச்சி, பொறவு என்னத்தப் பேச?"

நான் மறைத்துச் செய்ததாக நினைத்திருந்தேன். அவர்கள் தெரிந்தே ஒவ்வொரு வாரமும் என் முகத்தைப் பார்த்து, சிரித்து, ஸ்தோத்திரம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். கூட்டங்களில் அழுத அழுகையெல்லாம் சேர்ந்தாலும் அந்தத் திண்ணையில் வந்த அழுகைக்கு ஈடாகாது. அவர் கொஞ்சநேரம் பேசாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். பணத்தை ஆச்சிதான் எண்ணி வாங்கிக்கொண்டார்கள், இரண்டு தடவை எண்ணினார்கள். அது எனக்கு ஆறுதலாக இருந்தது.

எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. ஒரு வீட்டில் என்னை வாசலிலேயே நிறுத்திவைத்துத் திட்டினார்கள். அவர்கள் மகளை நர்சிங் சேர்க்கப் பணம் புரளாமல் படிப்பை நிறுத்திய வருஷம், என் நோட்டில் அவர்களுக்குக் கழிவு அதிகமாக எழுதியிருந்தது. பணத்தை வாங்கிக்கொண்டார்கள், மன்னித்தேன் என்று சொல்லவில்லை. சொல்லவேண்டிய கடமை அவர்களுக்கு இல்லை. மன்னிப்பு கேட்டால் கிடைத்தே தீரும் என்று போகிறவர்களுக்கு இதைச் சொல்லிக்கொள்கிறேன்: கிடைக்காமலும் போகலாம், அப்போதும் கடன் கடன்தான். இன்னொருவர் இறந்துவிட்டார், மகன்கள் திருப்பூரில் இருந்தார்கள், தேடிப்போய்க் கொடுத்தேன். வாரிசே இல்லாத ஒரு விதவை அம்மாவின் பங்கை ஐயரிடம் கொடுத்து, பெயர் வாசிக்காமல் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு வைக்கச் சொன்னேன். வாங்கிக்கொள்ள இனத்தான் இல்லாவிட்டால் அது கர்த்தருக்கு, ஆசாரியனைச் சேரவேண்டும் என்று எண்ணாகமத்தின் அதே அதிகாரத்தில் இருக்கிறது.

அடுத்த மாதம் திருவிருந்து எடுத்தேன்.

இப்போது கழிவு கிடையாது. அட்வான்ஸ் கொடுக்கிறேன், ஆனால் சரக்கை யாருக்கு வேண்டுமானாலும் போடலாம் என்று சொல்லித்தான் கொடுக்கிறேன். இரண்டு பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். சீனி கலப்பதை நிறுத்தியதில் கிலோவுக்கு விலை கூடிப்போய்ப் பழைய வாடிக்கையாளர்கள் பலர் வருவதில்லை. வருமானம் பாதிக்கும் கீழே.

ஆனால் ஒன்று பாக்கி இருக்கிறது, ராத்திரியில் அதுதான் என்னை எழுப்புகிறது. சீனி கலந்த கருப்பட்டியை வாங்கிப்போனவர்கள். பிள்ளை பெற்ற மகளுக்கு உளுந்தங்களி கிண்ட வேண்டும், சுத்தமானதாகக் கொடுங்கள் அண்ணாச்சி என்று கேட்டு வாங்கிப்போன தாய்மார் எத்தனையோ பேர். சீனி வேண்டாமென்று டாக்டர் சொன்னதால் கருப்பட்டிக்கு மாறினவர்கள் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்த நோட்டிலும் இல்லை. கடை வாசலில் நான் செய்ததை எழுதி ஒட்டினேன், வாங்கியவர்கள் வந்தால் பணம் திருப்பித் தருகிறேன் என்றும் எழுதினேன். இதுவரை நாலு பேர் வந்தார்கள். மற்றவர்களுக்கு என்ன செய்வதென்று ஐயரிடமும் கேட்டுவிட்டேன், ஜெபியுங்கள் என்றார். ஜெபிக்கிறேன். ஆளைத் தெரியாத இப்படிப்பட்ட கடனை உங்களில் யாராவது தீர்த்திருந்தால், எப்படித் தீர்த்தீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கள்.