மாலடாப்டேஷன்: தகாவமைப்பா, பிறழ் தகவமைப்பா?

சேலத்திலிருந்து:

அன்பர்களே,

ஊராட்சிகளுக்கான காலநிலைக் கையேட்டுக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. அடாப்டேஷனுக்குத் தகவமைப்பு, மிட்டிகேஷனுக்குத் தணிப்பு என்பதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. மாலடாப்டேஷன்தான் இடிக்கிறது; காலநிலை மாற்றத்துக்கு ஈடுகொடுக்கச் செய்த வேலையே கேட்டைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு அந்தப் பெயர். 'தவறான தகவமைப்பு' என்றால் வேலையை ஒழுங்காகச் செய்யாதவர் மேல் பழி போடுவதுபோல் படுகிறது. 'பிழைத்தகவமைப்பு' என்று சேர்த்தெழுதினால் 'பிழைத்த கவமைப்பு' என்று கண் பிரித்துக்கொள்ளும். பிழைத்தல் என்பதற்கு உயிர் தப்புதல் என்ற பொருளும் உண்டே!

என் பரிந்துரை: தகாவமைப்பு. தக + அமைப்பு தகவமைப்பு என்றால், தகா + அமைப்பு தகாவமைப்பு. ஒரு துணைக்கால்தான் கூடுதல்.

ஏற்காட்டிலிருந்து:

> ஒரு துணைக்கால்தான் கூடுதல்

அந்தக் கால்தான் ஐயா நம் காலை வாரும். அச்சில் அது விட்டுப்போனால் 'செய்யாதே' என்பது 'செய்' ஆகிவிடும். அதைவிடப் பெரிய குறை, 'தகா' என்றால் தொடக்கத்திலேயே தகாதது என்றாகிறது. நாம் பெயர் வைக்கப் பார்க்கும் பொருள் அப்படிப்பட்டதல்ல.

காப்பியையே பாருங்கள். மார்ச், ஏப்ரலில் பூமழை, அதாவது செடியைப் பூக்க வைக்கும் மழை, ஓர் அங்குலம் இறங்கினால் எட்டுப் பத்து நாளில் மொட்டு விரியும். இரண்டு மூன்று வாரம் கழித்து அடுத்த மழை வந்தால் பிஞ்சு நிற்கும். வெறும் தூறலோடு போனால் மொட்டு முழுதாக விரியாமல் கெடும். பூமழையை நம்ப முடியாத நிலையில் ஸ்பிரிங்ளர் வைத்து அந்த ஓர் அங்குலத்தைத் தோட்டமே பெய்வித்துக்கொள்கிறது. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல், அதாவது 12,000 லிட்டர் டேங்கர் லாரியில் எட்டரை நடை.

வேலி வரைக்கும் பார்த்தால் இதில் குறையே இல்லை. பூத்தது, காய்த்தது. ஆனால் ஓடை நூலாக மெலிந்திருக்கும் மாதத்தில் அதே ஓடையிலிருந்து நீரை எடுத்தால் கீழே இருக்கும் ஊரின் குடம் காலி. மழைக்காலத்தில் வழிந்தோடும் நீரைக் குட்டையில் பிடித்து வைத்து இறைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. இரண்டிலும் ஓடுவது அதே ஸ்பிரிங்ளர்தான். கருவியைப் பார்த்துத் தகும், தகாது என்று முத்திரை குத்த முடியாது.

நிழல் மரத்திலும் இதே கதை. மழையும் விலையும் நிலையில்லை என்று பலவகை நிழல் மரங்களை எடுத்துவிட்டு, மரவிலைக்காகச் சில்வர் ஓக் மட்டும் வைத்தால் நிழல் மெலியும். வெயில் படும் தண்டின் பட்டை வெடிப்பில்தான் வெள்ளைத் தண்டுத்துளைப்பான் என்ற வண்டு முட்டையிடுகிறது. வருமானத்துக்குக் காப்பு தேடிய வேலை, செடியையே துளைக்கிறது.

ஆத்தூரிலிருந்து:

இன்னொரு எல்லைக்கோடும் போட வேண்டும். தோற்றுப்போன தகவமைப்பு வேறு, மாலடாப்டேஷன் வேறு. ஆங்கிலத்தில் எழுதுபவர்களே இரண்டையும் குழப்புகிறார்கள்.

சொட்டுநீரை எடுத்துக்கொள்வோம். கடின நீர் வரும் போர்வெல்லில் சொட்டுவானின் வாயில் சுண்ணாம்பு படியும். வடிகட்டியைக் கழுவாமல், அமிலம் விட்டு அலசாமல் விட்டால் அடைத்துக்கொண்டு கடைசிச் செடி காயும். அது வெறும் தோல்வி, கழுவினால் தீரும். சொட்டுநீர் நன்றாகவே வேலை செய்து, மிச்சமான தண்ணீரில் மஞ்சளையோ மரவள்ளியையோ இன்னொரு ஏக்கருக்கு விரித்தால் மோட்டார் ஓடும் நேரம் குறையாது. வாய்க்காலில் பாய்ந்தபோது கசிந்து கீழே இறங்கிய பங்கும் நின்றுபோகும். நம் பக்கம் கடினப் பாறை. நீரைத் தேக்குவது மேலே உள்ள சிதைந்த அடுக்கு. அதற்குக் கீழே விரிசல்களில் மட்டும்தான் நீர். ஆழப் போர்வெல் இழுக்க இழுக்க, பக்கத்துத் தோட்டத்துக் கிணறு முதலில் வற்றும். அங்கே தோல்வி எதுவும் இல்லை, வெற்றிதான் கெடுக்கிறது.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைகூட இல்லை இது. பிள்ளையார் பிள்ளையாராகவே வந்துவிட்டார், குரங்கு பக்கத்து வீட்டில் முளைத்தது.

இதற்குச் சொல் ஏற்கெனவே செய்தித்தாளில் கிடக்கிறது: பிறழ் சாட்சி. நமக்காகக் கூண்டில் ஏறியவர் எதிர்த்தரப்புக்குச் சாதகமாகப் பேசிவிடுவது. அதே அச்சில் 'பிறழ் தகவமைப்பு' என்று வைக்கலாம். வினைத்தொகை என்பதால் பிறழ்ந்த, பிறழ்கிற, பிறழும் என மூன்று காலமும் உள்ளே அடங்கும். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழுவான ஐபிசிசியின் 2022 அறிக்கை இதை வரையறுக்கும்போது கேடு இப்போது வந்தாலும் சரி, பின்னால் வந்தாலும் சரி என்கிறது. பாதிப்பு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இடம் மாறுவதையும் சேர்த்துக்கொள்கிறது. பெரும்பாலும் எண்ணாமல் விளைவது என்றும் சொல்கிறது. 'தவறான' என்ற அடையில் இதில் எதுவும் ஏறாது.

சேலத்திலிருந்து:

தகாவமைப்பைத் திரும்பப் பெறுகிறேன். 'பிறழ்' என்றதும் மனப்பிறழ்வு நினைவுக்கு வருமே என்ற தயக்கம் இருந்தது. பிறழ் சாட்சி அதைப் போக்கிவிட்டது.

வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்றிலும் உரசிப் பார்த்தேன். வங்கதேசக் கடலோரத்தில் 1960களில் உப்புநீரைத் தடுத்து நெல் விளைவிக்கக் கரைகள் எழுப்பினார்கள். நெல்லும் விளைந்தது. ஆற்று வண்டல் வயலுக்குள் பரவ வழியில்லாமல் ஆற்றிலேயே படிந்து படுகை மேடானது. உள்ளே நிலம் பள்ளமானது. பிறகு மழைநீர் வடிய வழியின்றி வயல் மாதக்கணக்கில் மூழ்கிக் கிடந்தது. சில இடங்களில் மக்களே கரையை வெட்டிவிட்டார்கள். 'கரை என்னும் தகவமைப்பு இருபது முப்பது ஆண்டில் பிறழ்ந்தது' என்று எழுதினால் தமிழாகவே நிற்கிறது. 'தகாவமைந்தது' என்று எழுதவே முடியாது.

பட்டியலில் இப்படிப் போடுகிறேன்: செயலைக் குறிக்கப் பிறழ் தகவமைப்பு, நிகழ்வைக் குறிக்கத் தகவமைப்புப் பிறழ்வு. முதலாவதில் ஒற்று மிகாது. 'பிறழ்த் தகவமைப்பு' என்று யாராவது திருத்தினால் சுடுசோறு, ஊறுகாய் இரண்டையும் காட்டுங்கள். விளக்கத்துக்கு ஸ்பிரிங்ளரும் சொட்டுநீரும் போதும். வங்கதேசம் அடிக்குறிப்பில்.