வெளிநாட்டுக்குக் குடிபோகும்போது தையல் மெஷினைக் கொண்டு போகலாமா, விற்றுவிடலாமா?

நூல்கண்டு:
வீட்டில் இரண்டு மெஷின் இருக்கிறது. ஒன்று பழைய கறுப்பு இரும்பு மெஷின். முதலில் கால் ஸ்டாண்டில் மிதித்து ஓட்டினேன், பிறகு பக்கவாட்டில் மோட்டார் மாட்டிக்கொண்டேன். இன்னொன்று கம்ப்யூட்டர் மெஷின், பட்டனை அமுக்கினால் காஜா முதல் அலங்காரத் தையல் வரை தானே போடும். இப்போது நிரந்தரமாக வேறு நாட்டுக்குப் போகிறோம். இங்கே 230 வோல்ட், அங்கே 120. இரண்டையும் விற்றுவிட்டு அங்கே போய்ப் புதிதாக வாங்கிக்கொள் என்கிறார் கணவர். எனக்கு மனசு வரவில்லை. கொண்டு போனவர்களும் சொல்லுங்கள், விற்றவர்களும் சொல்லுங்கள்.

பாபின்ராணி:
கணவர் சொல்வதுதான் சரி. வோல்டேஜ் மாறினால் மோட்டார், பெடல், விளக்கு மூன்றையும் பார்க்க வேண்டும். உத்தரவாதம் பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு முடிந்துவிடும். அங்கே பழுதானால், இது எங்கள் நாட்டு மாடல் இல்லை என்று கையை விரித்துவிடுவார்கள். விமானத்தில் சாதாரண வகுப்புக்கு ஒரு பெட்டி பெரும்பாலும் 23 கிலோதான். இரும்பு ஹெட், அதாவது ஸ்டாண்ட் இல்லாமல் மேலே இருக்கும் மெஷின் மட்டுமே 10 கிலோவுக்கு மேல் இருக்கும். புதுக் குடித்தனத்துக்கு வேண்டிய பொருளை விட்டுவிட்டு இரும்பைச் சுமப்பதா?

ஊசிமுனை:
பாபின்ராணி அக்கா, இரண்டு மெஷினையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கிறீர்கள். இரும்பு மெஷினில் மோட்டார் வெளியே ஒரு பிராக்கெட்டில் திருகாணியோடு நிற்கிறது, அவ்வளவுதான். கழற்றி இங்கேயே விட்டுவிடலாம். அங்கே போய் 120 வோல்ட் மோட்டாரும் பெடலும் வாங்கி அதே இடத்தில் மாட்டி, பெல்ட்டைப் போட்டால் ஓடும். விளக்கு இருந்தால் பல்பை மாற்ற வேண்டும். மோட்டாரே வேண்டாமென்றால் கைப்பிடி மாட்டிக் கை மெஷினாகவும் ஓட்டலாம், வீலில் ஆரக்கால் இருந்தால் போதும். கம்ப்யூட்டர் மெஷின் விஷயத்தில் நான் வாதாடவில்லை.

கத்தரிக்கோல்:
எதற்கு இவ்வளவு பேச்சு? பயணத்துக்கென்று விற்கும் கையடக்கக் கன்வெர்ட்டர் ஒன்று வாங்கினால் இரண்டு மெஷினும் ஓடுமே. 1000 வாட், 2000 வாட் என்றெல்லாம் போட்டிருக்கிறது.

ஃபியூஸ்கேரியர்:
கத்தரிக்கோல் சகோ, அதை மட்டும் செய்யச் சொல்லாதீர்கள். உள்ளங்கை அளவு இருந்துகொண்டு 2000 வாட் என்று போட்டிருப்பவை பெரும்பாலும் மின்சார அலையை வெட்டி வெட்டி அனுப்பும் வகை. இஸ்திரிப்பெட்டி, ஹீட்டர் மாதிரி வெறும் சூடு தரும் சாதனங்களுக்குத்தான் அது ஒத்துவரும். கம்ப்யூட்டர் மெஷினின் எலக்ட்ரானிக் போர்டை அது கெடுத்துவிடக்கூடும். வேண்டியது செம்புக் கம்பி சுற்றிய உண்மையான டிரான்ஸ்பார்மர். 120ஐ 230 ஆக்க வேண்டும் என்பதால் ஸ்டெப்-அப் வகை. வீட்டு மெஷின் பொதுவாக 100 வாட்டுக்குள்தான் இழுக்கும், ஆனாலும் அதன் இரு மடங்குக்குக் குறையாமல் வாங்குங்கள்.

நூல்கண்டு, முதலில் கம்ப்யூட்டர் மெஷினில் வயர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருப்பதைப் படித்துச் சொல்லுங்கள். 100-240 என்று இருந்தால் பிளக்கை மாற்றினாலே போதும், சண்டை முடிந்தது.

நூல்கண்டு:
பார்த்தேன். 220-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்றுதான் இருக்கிறது.

ஃபியூஸ்கேரியர்:
அப்படியானால் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் முடியாது. நேராகச் சொருகினால் எரியாது, ஆனால் சரியாக இயங்காது. திரும்பி வருபவர்களுக்குத்தான் ஆபத்து: 120 வோல்ட் மெஷினை 230இல் சொருகினால் புகைதான். அங்கே மின்சாரத்தின் அலைவேகம் 50 அல்ல, 60 ஹெர்ட்ஸ் என்பதைப் பற்றிக் கவலை வேண்டாம். வீட்டு மெஷின்களில், அதுவும் பழைய மெஷின்களில் மாட்டும் கார்பன் பிரஷ் மோட்டாருக்கு ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டே இல்லை. கிளட்ச் மோட்டார் வைத்த பவர் மெஷின் (தையல் கம்பெனிகளில் இருப்பது) என்றால் கதை வேறு. 50இல் ஓடியது 60இல் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும். டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது.

பாபின்ராணி:
பார்த்தீர்களா, இப்போது டிரான்ஸ்பார்மரும் சேர்ந்தாயிற்று. அதுவும் இரும்பும் செம்பும்தான், தூக்கிப் பார்த்தால் தெரியும். மெஷின் ஓடும்போதெல்லாம் அது காலடியில் உறுமிக்கொண்டு கிடக்கும். மறந்து அப்படியே விட்டால் சும்மாவே மின்சாரம் குடிக்கும். மெஷினுக்குள் போர்டு போனால் அப்புறம் டிரான்ஸ்பார்மரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சரி, இரும்பு மெஷினுக்கே வருவோம் ஊசிமுனை. அங்கே அடிநூல் சுற்றும் பாபினுக்கும் அதைப் போடும் பாபின் கேஸுக்கும் நூல்கண்டு எங்கே போவார்?

ஊசிமுனை:
அது எந்த வகை மெஷின் என்பதைப் பொறுத்தது. ஊசியில் பெரும்பாலும் பிரச்சினையே வராது. வீட்டு மெஷினுக்கான 15x1, அதாவது ஐரோப்பியப் பெட்டிகளில் 130/705 எச் என்று போடும் ஊசி, உலகம் முழுக்கக் கிடைக்கிறது. பாபின் வட்டமாக, இரண்டு பக்கமும் தட்டையாக இருந்தால் அநேகமாக கிளாஸ் 15 என்ற வகை. அதுவும் எங்கும் கிடைக்கும். பக்கம் லேசாக உப்பியிருந்தால் கிளாஸ் 66. பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. அடிநூலைச் சுமக்கும் ஷட்டில் படகு மாதிரி நீளமாக இருக்கும் மிகப் பழைய மெஷின் என்றால் மட்டும் அக்கா சொல்வதை நான் ஏற்கிறேன், அதற்கு உதிரி பாகம் தேடுவது பெரும்பாடு.

நூல்கண்டு:
வட்டப் பாபின்தான், தட்டை. ஸ்டாண்டை என்ன செய்வது? அதன்மேல்தான் எனக்குப் பாசமே.

மடிப்புத்தையல்:
ஸ்டாண்டை விட்டுவிடுங்கள் தோழி. கப்பலில் போனாலும் அதற்கு மரக்கூண்டு அடிக்க வேண்டிவரும். அந்த மரம் ஐஎஸ்பிஎம் 15 என்ற, மரப் பொதிகளுக்கான சர்வதேச விதிப்படி சூடேற்றியோ புகையூட்டியோ முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போய்ச் சேரும் துறைமுகத்தில் மாட்டிக்கொள்ளும். ஒட்டுப்பலகைக்கு அந்த விதி இல்லை.

ஹெட்டை மட்டும் கொண்டுபோவது எளிது. பின்னால் இரண்டு கீல் குச்சிகளில்தான் அது உட்கார்ந்திருக்கிறது. அங்கிருக்கும் திருகாணிகளைத் தளர்த்தினால் தூக்கிவிடலாம். ஊசியையும் பாபின் கேஸையும் எடுத்துத் தனியாக வையுங்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் ஃபுட்டுக்கு அடியில் மடித்த துணி வைத்து இறக்கிவிடுங்கள். பெட்டியைப் போடும்போது பெரும்பாலும் அடிபடுவது வீல் பக்கம்தான். வீலின் மேல் எடை விழாமல் அதைச் சுற்றி நுரைப்பஞ்சை இறுக்கமாக அடைத்து, பெட்டிக்குள் பெட்டியாக வையுங்கள். எண்ணெயைத் துடைத்துவிடுங்கள், எண்ணெய்ப் புட்டி பெட்டியில் வேண்டவே வேண்டாம். கத்தரிக்கோலை (துணி வெட்டும் கத்தரிக்கோலைச் சொல்கிறேன், மேலே எழுதியவரை அல்ல) கைப்பையில் வைக்காமல் லக்கேஜில் போடுங்கள். கப்பல் என்றால் உலோகப் பாகங்களில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சும் சிலிக்கா ஜெல் பொட்டலமும் வேண்டும், கண்டெய்னருக்குள் வியர்க்கும் ஈரத்தில் துரு ஏறிவிடும்.

பாபின்ராணி:
இவ்வளவு பாடுபட்டு நேர்த்தையல் மட்டும் போடும் ஒரு மெஷினா? ஜிக்ஜாக் கிடையாது, பனியன் துணி தைத்தால் தையல் விட்டுவிட்டுப் போகும்.

ஊசிமுனை:
ஜிக்ஜாக் வேண்டுமென்றால் அங்கே ஒரு சிறிய மெஷின் வாங்கட்டும். ஜீன்ஸ் துணி நான்கு மடிப்பைத் தைக்கச் சொன்னால் அந்தச் சிறிய மெஷின் திணறும், இது திணறாது. நேர்த்தையலின் அழகும் அப்படித்தான், பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தெரியும்.

நூல்கண்டு:
சரி, கம்ப்யூட்டர் மெஷினை விற்கிறேன். இரும்பு ஹெட் என்னோடு வருகிறது. மோட்டாரும் ஸ்டாண்டும் இங்கேயே தங்கைக்கு. கணவரிடம் பாதி ஜெயித்த மாதிரி சொல்லிக்கொள்ளலாம்.

பாபின்ராணி:
என் கருத்து மாறவில்லை. ஆனால் விற்கும் மெஷினோடு பெடல், எல்லா ஃபுட்டும், கையேடும் சேர்த்துக் கொடுங்கள். பெடல் இல்லாவிட்டால் விலையைப் பாதியாக அடித்துக் கேட்பார்கள்.