கையில் ஃபர்ஸ்ட் காப்பி ரோலெக்ஸ்: "ஒரிஜினலா?" என்று கேட்டால் என்ன சொல்வது?

பெருங்குடிவாசி:

வணக்கம் மக்களே. அக்கா வீட்டுக்காரர் துபாயிலிருந்து லீவுக்கு வந்தபோது எனக்கு ஒரு வாட்ச் கொண்டுவந்தார். ரோலெக்ஸ் சப்மரைனர், கறுப்பு டயல், தேதி காட்டுவது. "கராமாவில் வாங்கினேன் மாப்ள, ஃபர்ஸ்ட் காப்பிதான், ஆனா பார்த்தா தெரியாது" என்று அவரே சொல்லித்தான் கொடுத்தார், அதனால் ஏமாற்றிவிட்டார் என்றெல்லாம் ஒன்றும் இல்லை. எனக்கும் பிடித்துவிட்டது. நல்ல கனம், சட்டைக் கையை மடித்துவிட்டால் எடுப்பாக இருக்கிறது.

சிக்கல் ஆபீசில்தான். டீ குடிக்கப் போனால், லிஃப்டில் நின்றால், மீட்டிங்கில் கையை நீட்டினால் யாராவது ஒருத்தர் "ஒரிஜினலா?" என்று கேட்டுவிடுகிறார். நான் இதுவரை ஆமாம் என்றும் சொன்னதில்லை, இல்லை என்றும் சொன்னதில்லை, சும்மா சிரித்து வைக்கிறேன். அந்தச் சிரிப்பையே ஆமாம் என்று எடுத்துக்கொண்டு மேனேஜர் போன வாரம் "எவ்வளவு ஆச்சு, எந்த ஷோரூம்?" என்கிறார். அப்ரைசல் வேறு வருகிறது, கையில் பத்து லட்சம் கட்டியிருப்பவனுக்கு எதற்கு சம்பள உயர்வு என்று நினைத்துவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது. அடுத்த மாதம் கும்பகோணத்தில் சித்தப்பா மகன் கல்யாணம். சொந்தக்காரர்கள் கேட்கிற கேள்விக்கு முன்னால் மேனேஜர் கேட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை.

ஆமாம் என்றால் பொய். டூப்ளிகேட் என்றால் அத்தானை மட்டம் தட்டியது போல ஆகும். கிஃப்ட் என்றால் யார் கொடுத்தது, அவருக்கு என்ன வேலை, என்ன சம்பளம் என்று போகும். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? "அதை ஏன் கட்டுகிறாய், கழற்றி வை" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், அதை அம்மாவே சொல்லிவிட்டார்.

சைதை மைனர்:

"காப்பிங்க, அத்தான் வாங்கிட்டு வந்தார், நல்லா இருக்குல்ல?" அவ்வளவுதான் பாஸ். கேட்ட உடனே, குரல் தாழாமல், டீயைக் கீழே வைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு நொடி யோசித்தால் போச்சு.

ஆமாம் என்று சொன்னால் அதோடு முடிகிறதா என்று பாருங்கள். எவ்வளவு, எங்கே, எத்தனை மாதம் காத்திருந்தீர்கள், பில் இருக்கிறதா, இஎம்ஐயா. ஒவ்வொன்றுக்கும் ஒரு பதில் தயார் செய்து, யாரிடம் எதைச் சொன்னோம் என்று ஞாபகமும் வைத்துக்கொள்ள வேண்டும். 2022 டிசம்பரில் அண்ணாமலை கட்டிய ரஃபேல் வாட்ச்சுக்குப் பில் எங்கே என்று மாநிலமே கேட்டது, பில் வந்து சேர அடுத்த ஏப்ரல் ஆனது. அந்த ஊரில் இருந்துகொண்டு ரோலெக்ஸ் ஒரிஜினல் என்று சொல்லிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியுமா? காப்பி என்று சொல்லிவிட்டால் அடுத்து வரும் ஒரே கேள்வி "எனக்கும் ஒண்ணு கிடைக்குமா?" என்பதுதான்.

மேனேஜர் விஷயத்தில் இன்னும் சீக்கிரம். அப்ரைசலுக்கு முன்னால் போய்ச் சொல்லிவிடுங்கள், அவருக்கும் மனசு ஆறும்.

முள்ளும் டயலும்:

நான் வாட்ச் சேர்க்கிறவன், பெரிய ஆள் இல்லை, சீகோ, பழைய எச்எம்டி இந்த அளவுதான். ஒரு விஷயம் சொல்கிறேன். உங்களிடம் "ஒரிஜினலா?" என்று கேட்கிறவருக்கு வாட்ச் தெரியாது. தெரிந்தவர் கேட்கவே மாட்டார், "கொஞ்சம் பார்க்கலாமா" என்று கையில் வாங்கிப் பார்ப்பார், அல்லது எதிரில் உட்கார்ந்தபடியே பார்த்து முடித்திருப்பார்.

என்ன பார்ப்பார் என்றால், முதலில் தேதி. அதன் மேல் ஒட்டியிருக்கும் சின்ன லென்ஸ் ஒரிஜினலில் தேதியை இரண்டரை மடங்கு பெரிதாக்கி அந்தச் சதுரத்தை நிறைத்துக் காட்டும். மலிவான காப்பியில் லென்ஸ் இருக்கும், எண் மட்டும் சின்னதாக நடுவில் ஒண்டிக்கொண்டிருக்கும். அப்புறம் செகண்ட் முள். ரோலெக்ஸ் மெஷின் மணிக்கு 28,800 துடிப்பு, அதாவது நொடிக்கு 8. விலை குறைந்த காப்பிகளில் பெரும்பாலும் 21,600, நொடிக்கு 6. கேட்டால் சின்ன வித்தியாசம் மாதிரி இருக்கும், பழகிய கண்ணுக்கு முள் தயங்கித் தயங்கிப் போவது தெரிந்துவிடும். 6 மணிக்குக் கீழே கண்ணாடியில் லேசரால் ஒரு கிரீடம் பொறித்திருப்பார்கள், ஒரிஜினலில் அதைக் கண்டுபிடிக்க லென்ஸ் வைத்துக் கண்ணைச் சுருக்க வேண்டும், காப்பியில் "நான் இங்கே இருக்கேன்" என்று கூப்பிடும். பின்பக்கம் கண்ணாடி வைத்து மெஷின் தெரிகிற சப்மரைனர் என்றால் பேச்சே இல்லை, கம்பெனி அப்படி ஒன்றைச் செய்ததே இல்லை.

இப்போது விலை கூடிய காப்பிகளில் துடிப்பையும் 28,800க்குக் கொண்டுவந்துவிட்டார்கள், உண்மைதான். ஆனாலும் யாரிடம் பொய் சொல்லப் போகிறீர்கள் என்று யோசியுங்கள். தெரிந்தவரிடம் சொல்லிப் பயனில்லை. தெரியாதவர் போய்த் தெரிந்தவரிடம் சொல்வார், உங்கள் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேரும் சிரிப்பார்கள். சைதை மைனர் சொன்ன ஒரு வரியே போதும்.

பாரிமுனை பையன்:

அப்பா பாரிமுனையில் வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தார், பர்மா பஜாரிலிருந்து நடக்கிற தூரம், அதனால் இந்தச் சரக்கு எங்கள் மேஜைக்கு வராத வாரமே கிடையாது. காப்பி கொண்டுவருகிறவர்கள் கடைக்குள் நுழையும்போதே "ஃபாரின்ல வாங்கினது, ஒரிஜினல்" என்று ஆரம்பிப்பார்கள், நாங்கள் எதுவும் கேட்டிருக்கவே மாட்டோம். அப்பா சரி சரி என்று மூடியைத் திறப்பார். உள்ளே மெஷின் சின்னதாக இருக்கும், சுற்றிலும் இடைவெளியை அடைக்க ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வளையம். மூடியைத் திருப்பி வாடிக்கையாளர் பக்கம் காட்டமாட்டார், அவர் பக்கத்தில் மனைவி நிற்பார் இல்லையா. "சர்வீஸ் பண்ணினா 3 நாள் ஆகும்" என்று மட்டும் சொல்லி மூடிவிடுவார்.

ஆனால் ரிப்பேர்காரரிடம் மட்டும் தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர் காப்பியைத் தொடாது. வெளிக்கடைக்காரர் எந்த மெஷின் என்று பார்த்து, சில சமயம் ரிப்பேர் செய்வதைவிட மெஷினையே மாற்றிவிடுவது லாபம் என்பார், அது காப்பிக்குச் சரியான யோசனை. டயலில் 300 மீட்டர் என்று போட்டிருப்பதை நம்பி குற்றாலத்தில் குளிக்காதீர்கள். கண்ணாடிக்கு உள்ளே ஆவி படிந்துவிட்டால் டயல் புள்ளி புள்ளியாகக் கெட்டுப்போகும். சாவியை இழுத்தபடி கை கழுவினாலே போதும், தண்ணீர் இறங்கிவிடும். பட்டையின் அடியில் அரிப்பு வந்தால் உடனே கழற்றுங்கள், சில மலிவு உலோகத்தில் நிக்கல் தோலுக்கு ஆகாது.

தில்லைக்காரி:

ஆண்கள் இதற்கு இவ்வளவு பாடுபடுவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. நான் சிதம்பரம். எங்கள் ஊர் கவரிங் போகாத கல்யாண மண்டபம் இருக்கிறதா? ஆரத்தைத் தொட்டுப் பார்த்து "தங்கமா?" என்று கேட்டால் "கவரிங்தான் அத்தை, கீழ வீதியில எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு சாம்பார் ஊற்றப் போய்விடுவோம். கேட்டவர் உடனே எந்தக் கடை, எத்தனை மாதம் கறுக்காது என்று விசாரிப்பார். அங்கே யாருக்கும் முகம் சுருங்குவதில்லை. லாக்கரில் தங்கம் வைத்திருக்கிறவர்களும் பஸ்ஸில் கவரிங்தான் போட்டு வருகிறார்கள், அதனால் இருக்கிறவள் யார் இல்லாதவள் யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஒன்றே ஒன்று இடிக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். கவரிங் ஆரத்தில் வேறு யாருடைய பெயரும் இல்லை. உங்கள் டயலில் இன்னொரு கம்பெனியின் பெயர் அச்சடித்திருக்கிறது. அந்தப் பெயர் இருப்பதால்தான் எல்லாரும் கேட்கிறார்கள், அதனால்தான் உங்களுக்கும் கூசுகிறது. பெயர் இல்லாமல் அதே உருவத்தில் வந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கும்பகோணத்தில் கேட்கிறவர்களில் பாதிப்பேர் கேட்பது வாட்ச்சைப் பற்றி அல்ல, சம்பளத்தைப் பற்றி. பெண் வைத்திருக்கும் மாமா யாராவது உங்கள் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா என்று கவனியுங்கள். அவரிடம் மட்டும் சிரித்து வைக்கக் கூடாது, வாயைத் திறந்து காப்பி என்று சொல்லிவிட வேண்டும். நாளைக்கு அந்த வீட்டுக்கே போய் உட்கார வேண்டியிருக்கலாம்.

சைதை மைனர்:

தில்லைக்காரி அக்கா சொன்னதற்குப் பிறகு எனக்குப் பேச்சே இல்லை.

நீலாங்கரை வக்கீல்:

யாரும் தொடாத பக்கத்தைத் தொடுகிறேன். இந்தியாவில் காப்பி வாட்ச்சைக் கையில் கட்டுவதற்காக உங்களை யாரும் பிடிக்கப் போவதில்லை. வணிகக் குறிகள் சட்டம் 1999, பிரிவு 103, 104 இரண்டும் போலிக் குறி போடுகிறவரையும் விற்கிறவரையும் விற்க வைத்திருப்பவரையும்தான் குறிவைக்கின்றன. தண்டனை 6 மாதத்திலிருந்து 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். சுங்கத்துக்கு 2007இல் வந்த விதிகளும் சொந்த உபயோகத்துக்குப் பெட்டியில் வரும் ஒன்றிரண்டை விட்டுவிடுகின்றன.

ஆனால் வெளிநாட்டில் கதை வேறு. பிரான்ஸில் சொந்த உபயோகம் என்ற சாக்கு எடுபடாது, சுங்கத்தில் பார்த்தால் பறிமுதல், அபராதமும் உண்டு. இத்தாலியில் வாங்கியவருக்கே 7,000 யூரோ வரை அபராதம் போட இடம் இருக்கிறது. ஆன்சைட் வந்தால் டிராயரில் வைத்துவிட்டுப் போங்கள். இன்னொரு வேடிக்கை, சென்னை ஏர்போர்ட்டில் இறங்கும்போது கையில் இருப்பது ஒரிஜினல் என்று அதிகாரி நினைத்தால் டியூட்டி கேட்பார். அங்கே "காப்பி சார்" என்று நிரூபிப்பதுதான் உங்கள் வேலையாக இருக்கும். பொய் சொல்லிப் பழகியவர்கள் அப்போது முழிப்பதைப் பார்க்க வேண்டும்.

"எங்கே வாங்கினீர்கள், எவ்வளவு" என்று கேட்டால் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. "விலையெல்லாம் விடுங்க" என்று சொல்லலாம், அது பொய் ஆகாது. பணம் கைமாறும் இடத்தில் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. ஒரிஜினல் என்று சொல்லி விற்றாலோ, அடகு வைத்தாலோ அது மோசடி, பாரதிய நியாய சன்ஹிதா 318. நண்பனுக்குத்தானே கொடுத்தேன் என்பதெல்லாம் செல்லாது.

பெருங்குடிவாசி:

எல்லாருக்கும் நன்றி. மேனேஜரிடம் இன்று காலை சொல்லிவிட்டேன். "சார், அன்னைக்குக் கேட்டீங்களே, அது காப்பி, எங்க அத்தான் கொண்டுவந்தது." அவர் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுத் தன் கையைத் திருப்பி "இது மட்டும் என்னன்னு நினைச்சே?" என்றார். நான் அதை ஒமேகா என்றே நம்பிக்கொண்டிருந்தேன். முள்ளும் டயலும் அண்ணன் இருந்திருந்தால் எதிரில் உட்கார்ந்தே கண்டுபிடித்திருப்பார்.

இன்னும் ஒரே ஒரு கேள்வி. கல்யாணத்துக்கு அத்தானும் வருகிறார். அவர் சும்மா இருக்கமாட்டார், "மாப்ளைக்கு நான் வாங்கிக் கொடுத்த ரோலெக்ஸ்" என்று பந்தியில் ஆரம்பிப்பார், காப்பி என்ற பேச்சையே எடுக்கமாட்டார். அப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் என்ன செய்ய?

முள்ளும் டயலும்:

அங்கே வேறு வாட்ச் கட்டிக்கொண்டு போங்கள், பிரச்சினை முளைக்காது. ஓசூரில் செய்த டைட்டன் நல்ல ஆட்டோமேடிக்கே கிடைக்கிறது. தாத்தா காலத்து எச்எம்டி வீட்டில் இருந்தால் இன்னும் நல்லது. எச்எம்டியின் வாட்ச் கம்பெனியை மூட 2016இல் அரசு முடிவெடுத்துவிட்டது, ஆனால் பழைய வாட்ச் சாவி கொடுத்தால் இன்றைக்கும் ஓடும், பந்தியில் பெரியவர்கள் ஆளாளுக்கு ஒரு கதை சொல்வார்கள்.

தில்லைக்காரி:

அத்தான் வாங்கிக் கொடுத்ததை அவர் வருகிற கல்யாணத்துக்குக் கட்டாமல் போனால் அக்கா சும்மா விடுவாரா? கட்டிக்கொண்டே போங்கள். அவர் பெருமை பேசினால் பேசட்டும், அவர் காசு. உங்களிடம் நேராகக் கேட்டால் மட்டும் "அத்தானைக் கேளுங்க" என்று கையைக் காட்டிவிட்டு இலையைப் பாருங்கள். பெண் வைத்திருக்கும் மாமாவுக்கு மட்டும் பிறகு தனியாகச் சொல்லிவிடுங்கள்.

நீலாங்கரை வக்கீல்:

அதுவும் சரிதான். ஆனால் பந்தி முடிவதற்குள் நாலு பேர் "என் பையனுக்கும் ஒண்ணு கொண்டு வாங்க மாப்ள" என்று அத்தானிடம் அட்வான்ஸ் நீட்டுவார்கள். அதை வாங்க விடாதீர்கள். பெட்டியில் ஒன்று வந்தால் சொந்த உபயோகம், பத்து வந்தால் வியாபாரம்.