மறு: 'லைப்' – 'கோர்பர்': வாழுடல் வேண்டாம், உடம்பு போதும்

அன்புள்ள குழுவினருக்கு,

இந்த உரையாடல் இழை நீண்டுவிட்டது. நடுவில் ஆன்மா, ஆவி, மறுபிறப்பு என்று கிளை பிரிந்ததில் முதல் கேள்வி அடியில் போய்விட்டது. அதை மேலே எடுத்து வைக்கிறேன்: தத்துவ நூல்களைத் தமிழாக்கும்போது 'லைப்', 'கோர்பர்' என்ற இரண்டு ஜெர்மன் சொற்களுக்கு என்ன கலைச்சொல் வைப்பது?

ஜெர்மன் மொழியில் உடலைக் குறிக்க இரண்டு சொற்கள் உண்டு. தராசில் நிறுக்கலாம், மேசையில் கிடத்தி அறுத்துப் பார்க்கலாம், மற்றப் பொருள்களோடு ஒரு பொருளாக எண்ணலாம் என்றால் அது 'கோர்பர்'. பசிக்கிறது, வலிக்கிறது, கூசுகிறது, இங்கிருந்துதான் உலகத்தைப் பார்க்கிறேன் என்றால் அது 'லைப்'. (தமிழில் எழுதினால் ஆங்கில 'லைஃப்' போலத் தெரிகிறது. தெரியட்டும், இரண்டும் ஒரே வேர்தான். 'கோர்பர்' இலத்தீன் 'கார்ப்பஸ்' வழி வந்தது. பிணத்துக்கான ஆங்கிலச் சொல்லும் அங்கிருந்து வந்ததே.) ஜெர்மன் தத்துவ அறிஞர் எட்மண்ட் ஹுஸ்ஸர்ல் தரும் உதாரணம் எளிமையானது. வலக்கையால் இடக்கையைத் தொடுங்கள். இடக்கை வழவழப்பாக, வெதுவெதுப்பாக வலக்கைக்குத் தெரிகிறது. அந்த அளவில் அது ஒரு பொருள். ஆனால் தொடப்படுவதை இடக்கையும் உணர்கிறது. மேசையைத் தொட்டால் மேசை அப்படி உணராது. அந்த உணர்கிற கை 'லைப்'.

'லைப்'புக்கு இதுவரை வந்த முன்மொழிவுகள்: வாழுடல், தன்னுடல், உயிருடல், மெய். என் வாக்கு எதற்கும் இல்லை. 'லைப்' என்றால் உடம்பு, 'கோர்பர்' என்றால் உடல். புதிதாக ஒன்றும் ஆக்க வேண்டாம்.

> உடலும் உடம்பும் ஒன்றுதானே? ஒன்று எழுத்து வழக்கு, இன்னொன்று பேச்சு வழக்கு.

அகராதியில் ஒன்றுதான், ஐயா. நாளிதழைப் பிரித்துப் பாருங்கள். கிணற்றிலிருந்து "உடல் மீட்கப்பட்டது", "உடலைக் கைப்பற்றிய போலீசார் பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பினர்". எந்த நிருபராவது "உடம்பு மீட்கப்பட்டது" என்று எழுதியிருக்கிறாரா? எழுதினால் படிக்கிறவருக்கே ஒரு மாதிரி இருக்கும். மறுபக்கம், "உடம்புக்கு என்ன?", "உடம்பைப் பார்த்துக்கோ", "உடம்பெல்லாம் புல்லரிக்குது", "அவனுக்கு உடம்பு வளையாது". இந்த இடங்களில் உடலைப் போட்டால் வாக்கியம் விறைத்துக்கொள்கிறது. 'உடல்நிலை சரியில்லை' என்று விடுப்புக் கடிதத்தில் எழுதுகிறோமே என்பீர்கள். ஆமாம், ஆனால் அது அலுவலகத்துக்கு வெளியிலிருந்து தெரிகிற உடல்தானே! வழக்கில் இருக்கிற இந்தச் சாய்வைக் கலைச்சொல்லாக இறுக்கிக்கொண்டால் போதும் என்கிறேன். ஜெர்மானியர்களும் அதைத்தான் செய்தார்கள். வயிற்று வலிக்கு அவர்கள் ஊர்ச் சொல்லே 'லைப்'பில் தொடங்குவதுதான்.

'வாழுடல்' ஆங்கிலத்தில் வழங்குவதைப் பார்த்துச் செய்தது. ஆங்கிலத்தில் உடலுக்கு ஒரே சொல் என்பதால் ஓர் அடைமொழி ஒட்ட வேண்டி வந்தது. பிரெஞ்சுக்கும் அதே நெருக்கடி. பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் மெர்லோ-போந்தி 1945இல் வெளியிட்ட 'புலனுணர்வின் நிகழ்வியல்' நூலில் "சொந்த உடல்" என்று பொருள்படும் தொடரைப் பயன்படுத்தினார். 'தன்னுடல்' அதற்குச் சரியான தமிழ், அந்தத் தொடருக்கு அதையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டு சொல் கையில் இருக்கும் நாம், இல்லாதவர்கள் போட்ட ஒட்டை எதற்கு வாங்க வேண்டும்?

> மெய் என்ற அழகான சொல் இருக்க... ஐம்புலனில் தொடுபுலனுக்கும் அதுதானே பெயர்?

அழகுதான், அம்மா. தொடு உணர்வுக்கும் உடலுக்கும் ஒரே பெயர் என்பது ஹுஸ்ஸர்லின் கை உதாரணத்துக்கு அச்சு வார்த்தது போல இருக்கிறது. ஆனால் மெய் உண்மையும்தான். இலங்கையில் இந்தத் துறைக்கே பெயர் மெய்யியல். "மெய்யின் மெய்யியலில் மெய் எது" என்று நாமே எழுதிவிட்டு நாமே விழிக்க வேண்டும்.

> இந்த ஆராய்ச்சியெல்லாம் எதற்கு? மேலைநாட்டார் சொல்வது ஆன்மா, உடல் என்ற இரண்டைத்தானே.

இதற்கு விரிவாகவே சொல்ல வேண்டும். பல மொழிபெயர்ப்புகள் கெடுவது இங்கேதான். மேலைநாட்டார் என்று ஒரே ஆள் கிடையாது.

பிளேட்டோவின் 'ஃபீடோ' உரையாடலின் கடைசிப் பகுதி. நஞ்சு குடிக்க நேரம் ஆகிவிட்டது. "உங்களை எப்படிப் புதைக்க?" என்று கேட்கிறார் கிரிட்டோ. "உங்கள் விருப்பம்போல; என்னைப் பிடிக்க முடிந்தால்" என்று சாக்ரடீஸ் சிரிக்கிறார். கொஞ்ச நேரத்தில் பிணமாகக் கிடக்கப் போவதைத்தான் சாக்ரடீஸ் என்று கிரிட்டோ நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருடைய கேலி. இங்கே இருப்பது நம் நிருபரின் 'உடல்'. அச்சொல்லுக்கு நேரான கிரேக்கச் சொல் 'சோமா', ஹோமரின் காவியங்களில் பிணத்தைக் குறித்தே வருகிறது என்று அலெக்சாண்டிரியாவின் இலக்கண அறிஞர் அரிஸ்டார்கஸ் அந்தக் காலத்திலேயே கவனித்திருக்கிறார். இந்த இடத்தில் எதிர்ப்பக்கத்துக்கு 'ஆன்மா' போடுவதில் எனக்குத் தடையில்லை.

அரிஸ்டாட்டிலுக்கு வந்து அதே 'ஆன்மா'வைப் போட்டால் ஆள் மாறிவிடுகிறார். அவருடைய 'ப்ஸ்யூகே' (ஆன்மா என்று நாம் பெயர்க்கும் கிரேக்கச் சொல்) செடிக்கும் உண்டு. உண்பது, வளர்வது, இனம் பெருக்குவது அதன் முதல் படி. விலங்குக்குப் புலனறிவு கூடுகிறது, மனிதனுக்குச் சிந்தனை. "கத்தரிச் செடியின் ஆன்மா" என்று எழுதிப் பாருங்கள், சைவ சித்தாந்த வகுப்பில் கேள்வி எழும். "கத்தரிச் செடியின் உயிர்" என்றால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "புல்லும் மரனும் ஓரறிவினவே" என்ற தொல்காப்பிய மரபியல் படித்தவர்களுக்கு இது பழகிய ஏணி. மேலும், உயிரும் உடம்பும் ஒன்றா என்று கேட்பதே, மெழுகும் அதில் பதிந்த முத்திரை வடிவமும் ஒன்றா என்று கேட்பது போலத்தான் என்கிறார் அவர். பார்வை போன கண், சிலையில் செதுக்கிய கண்ணைப் போலப் பெயருக்குத்தான் கண். அப்படியானால் அவர் பேசுவது உயிரோடு சேர்ந்த உடம்பை. நன்னூல் எழுத்துகளைச் சொல்லும்போதுகூட "உயிரும் உடம்பும்" என்றுதான் சேர்த்து வைக்கிறது.

பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் தெகார்த்தை இருமைவாதி என்று ஒரே வரியில் முடிப்பது வழக்கம். 1641இல் வந்த 'தியானங்கள்' நூலில் சிந்திக்கும் பொருள் வேறு, இடத்தில் பரந்திருக்கும் பொருள் வேறு என்று அவர் பிரித்தது உண்மை. ஆறாவது தியானத்திலேயே ஒரு திருத்தமும் இருக்கிறது: மாலுமி கப்பலில் இருப்பது போல நான் என் உடலில் இல்லை, அப்படி இருந்தால், கப்பலில் உடைசலைக் கண்ணால் பார்ப்பது போலக் காயத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வேனே தவிர வலிக்காது.

இந்த ஓட்டையைப் பிடித்தவர் பொஹீமிய இளவரசி எலிசபெத். ஆட்சியை இழந்த குடும்பம், ஹேகில் அடைக்கலம், வயது 24. 1643 மே மாதம் தெகார்த்துக்கு எழுதுகிறார்: தள்ளுவதற்குத் தொட வேண்டும், தொடுவதற்குப் பரப்பு வேண்டும். பரப்பே இல்லாத சிந்தனைப் பொருள் உடலை எப்படி அசைக்கும்? தெகார்த் எடையை உவமை காட்டிச் சமாளிக்கிறார். இளவரசி விடவில்லை. பொருளற்ற ஒன்று பொருளை அசைக்கிறது என்பதைவிட, ஆன்மாவுக்கே பரப்பு உண்டு என்று ஒப்புக்கொள்வது எனக்கு எளிது என்று ஜூனில் மறுபடி எழுதுகிறார். அதற்குத் தெகார்த் தந்த பதில்தான் நம் இழைக்கு வேண்டியது. ஆன்மாவும் உடலும் ஒன்றியிருப்பதை மெய்ப்பொருள் ஆராய்ச்சியால் அறிய முடியாது. அன்றாட வாழ்க்கையாலும் சாதாரணப் பேச்சாலும் தியானத்தை விட்டு விலகியிருப்பதாலுமே அறிய முடியும் என்றார். யார் சொல்வது பாருங்கள்! அதாவது தியானத்தில் தெரிவது உடல், அடுக்களையிலும் திண்ணையிலும் தெரிவது உடம்பு. 1645இல் எலிசபெத்துக்கு விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தபோது, காரணம் மனத் துயரம்தான் என்று எழுதியவரும் இதே தெகார்த். இந்தக் கடிதங்களை மொழிபெயர்க்கும்போது எல்லா இடத்திலும் 'உடல்' என்றே போட்டால், அவரே உணர்ந்துவிட்ட சங்கடம் தமிழில் காணாமல் போய்விடும்.

ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் லாக் தம் நூலின் 1694 பதிப்பில் சேர்த்த அத்தியாயத்தில், இளவரசனின் நினைவுகள் செருப்புத் தைப்பவன் உடலுக்குள் புகும் கதையும், 'உள்ளே தேடினால் புலனுணர்வுகள்தான் அகப்படுகின்றன, நான் என்று ஒன்று அகப்படவில்லை' என்று தத்துவ அறிஞர் ஹியூம் கையை விரித்ததும் நம் குழுவின் 'தான்/சுயம்/ஆள்' என்ற தனி இழைக்கு உரியவை. அங்கே ஏற்கெனவே போதுமான சண்டை நடக்கிறது.

மெர்லோ-போந்தியிடம் ஒரே ஓர் இடம். முதல் உலகப் போரில் மூளையில் அடிபட்ட ஷ்னைடர் என்ற நோயாளியை மருத்துவர்கள் ஆராய்ந்ததை அவர் எடுத்துப் பேசுகிறார். கண்ணை மூடிக்கொண்டு "மூக்கைச் சுட்டிக் காட்டு" என்றால் ஷ்னைடரால் முடியாது. கொசு கடித்தால் கடித்த இடத்துக்குக் கை நேரே போய்விடும். சுட்டிக் காட்ட வேண்டியது உடலில் ஓர் இடம், கொசு கடித்தது உடம்பில். இந்த வாக்கியத்தை 'வாழுடல்' வைத்து எழுதிப் பாருங்கள், பிறகு பேசலாம்.

எனக்கு எதிராக ஒரு சான்றை நானே வைத்துவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது இன்று இரவே வைப்பீர்கள். "குடம்பை தனித்தொழியப் புள்பறந் தற்றே உடம்பொடு உயிரிடை நட்பு" (338). பறவை விட்டுப் போகிற வெறுங்கூடு இங்கே உடம்பு. சரி. ஆனால் அதே வள்ளுவர் காமத்துப்பாலில் "உடம்பொடு உயிரிடை என்னமற் றன்ன மடந்தையொடு எம்மிடை நட்பு" (1122) என்று பிரிக்க முடியாத நெருக்கத்துக்கு அதே உடம்பையும் உயிரையும் அழைக்கிறார். பழைய இலக்கியத்தில் இந்த எல்லை இறுகவில்லை என்பதை ஏற்கிறேன். நான் கேட்பது இன்றைய வழக்கின் எல்லை.

அன்புடன்.

---

> 'லைப்' என்றால் உடம்பு

ஏற்கிறேன். 'தன்னுடல்' முன்மொழிந்தது நான்தான். பிரெஞ்சுத் தொடருக்கு அது நிற்கட்டும். ஆனால் சொல் தனியே நின்றால் போதாதே, கிளைக்க வேண்டும். உடம்போடு இருக்கிற நிலைக்கு என்ன சொல்வது? 'உடம்பாடு' என்றால் சம்மதம் என்று ஆகிவிடும், தொலைந்தோம். 'உடம்பெடுத்தல்' பிறவி எடுப்பது. அன்புடைமை, அறிவுடைமை போல 'உடம்புடைமை' எனலாமா?

---

ஒலி நன்றாக இருக்கிறது, ஐயா. ஆனால் 'உடைமை' உடம்பைச் சொத்தாக்கிவிடாதா? பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் கப்ரியேல் மார்செல் 1935இல் 'இருத்தலும் உடைத்தலும்' பற்றி ஒரு நூலே எழுதியது, என் உடம்பு நான் வைத்திருக்கும் பொருள் அல்ல என்று சொல்லத்தானே. 'எனதுடல் என்றலின்' என்று சைவ சித்தாந்த நூலான சிவஞான போதத்தின் மூன்றாம் சூத்திரமும் இதைத்தான் வேறு திசையில் கேட்கிறது: எனது என்று சொல்ல முடிந்தால், அது நான் அல்ல.

(குறிப்பு: மேலே 'உடைத்தல்' என்று எழுதியதைக் கல் உடைப்பது என்று படித்துவிடாதீர்கள். 'உடைத்தாயிருத்தல்'. பார்த்தீர்களா, இந்த வேரே இடக்கு.)

---

இலக்கணக்காரர்கள் இதற்கு வழி வைத்திருக்கிறார்கள். ஆறாம் வேற்றுமையில் 'எனது வீடு' பிறிதின்கிழமை, 'எனது கை' தற்கிழமை. வீட்டை விற்கலாம், கையைப் பிரித்தால் முழுமை கெட்டுவிடும். அன்புடைமையில் வரும் உடைமையும் விற்கிற உடைமை அல்ல. ஆகவே 'உடம்புடைமை' என்று வைத்து, விளக்கத்தில் "தற்கிழமைப் பொருளில்" என்று ஒரு தொடர் சேர்த்தால் மார்செலும் கோபிக்க மாட்டார். சிவஞான போதம் எழுதிய மெய்கண்டாரோடு இந்த இழையில் வழக்காட நான் தயாரில்லை.

பட்டியலுக்கு இப்போதைக்கு: கோர்பர் – உடல், லைப் – உடம்பு, மெர்லோ-போந்தியின் தொடர் – தன்னுடல், அரிஸ்டாட்டிலின் ப்ஸ்யூகே – உயிர் (பிளேட்டோவுக்கு இடம் பார்த்து ஆன்மா). உடம்புடைமைக்கு மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லோடு வாருங்கள். வெறும் "பொருந்தவில்லை" வேண்டாம்.