குதிகால்ல இறங்கி ஓடறது தப்பா? முன்பாதத்துக்கு மாறணுமா?

வெறுங்கால்_வேலு:
ஒவ்வொரு ஞாயித்துக்கிழமை லாங் ரன்லயும் பாக்கறேன், முக்காவாசி பேரு குதிகால ரோட்டுல டொம்மு டொம்முனு குத்திட்டுதான் ஓடறாங்க, அப்புறம் முட்டி வலின்னு குரூப்ல புலம்பல். 2010லயே ஹார்வர்டு லீபர்மேன் டீம் நேச்சர் இதழ்ல போட்டுட்டாங்க, சின்ன வயசுலேந்து ஷூ இல்லாம ஓடிப் பழகுனவங்க பெரும்பாலும் முன்பாதத்துல இறங்கறாங்க, அப்படி இறங்குனா கால் தரையத் தொட்டதும் வர்ற அந்த முதல் மோதல் கிட்டத்தட்ட காணாமப் போயிடுது. குதிகாலுக்குக் கீழ மெத்தை வச்சு வித்தான் பாருங்க, அங்கதான் கெட்டுச்சு எல்லாம். மாறுங்கப்பா.

பழைய_மாரத்தான்:
வேலு தம்பி, பாதிக் கதைய சொல்லிட்டு போறீங்க. லீபர்மேன் பாத்த கென்யாக்காரங்க ஓட்டத்துக்குப் பேர்போன காலெஞ்சின் ஆளுங்க, ஓடுன வேகமும் ஜாஸ்தி. 2013ல ப்ளாஸ் ஒன்ங்கற ஆய்விதழ்ல வந்தத படிங்க, அதே கென்யாவோட வடக்குல தாசனச் மக்கள், அவங்களும் வெறுங்கால்லயே வளந்தவங்கதான், அவங்கள அவங்க இஷ்டத்துக்கு நிதானமா ஓட விட்டா 72 சதவீதம் குதிகால்ல இறங்கியிருக்காங்க, வேகம் ஏத்துனப்பதான் நடுப்பாதத்துக்கு வந்தாங்க. நம்மாளு கிலோமீட்டருக்கு 7 நிமிஷத்துல ஓடறவன், அவனுக்கு எதுக்குங்க முன்பாதம்? ஜப்பான் சப்போரோ அரை மாரத்தான்ல 15வது கிலோமீட்டர்ல கேமரா வச்சுப் பாத்தாங்க, நல்ல நல்ல ரன்னர்ஸ்லயே முக்காவாசி குதிகால்.

வெறுங்கால்_வேலு:
அண்ணா அதே சப்போரோ ஆய்வுல முன்னாடி போனவங்கள்ல மத்தவங்கள விட நடுப்பாதம் ஜாஸ்தி, அத ஏன் விட்டீங்க 😄 இன்னொண்ணு, ஹார்வர்டு கிராஸ் கன்ட்ரி டீம் 52 பேர வச்சு 2012ல ஒரு கட்டுரை வந்துச்சு, திரும்பத் திரும்ப பாரம் விழுந்து வர்ற காயங்கள் குதிகால்காரங்களுக்கு ஏறக்குறைய ரெட்டிப்பு. இதுக்கு என்ன சொல்றீங்க?

பிசியோ_மீனா:
நான் சொல்றேன். 52 பேர், ஒரே காலேஜ், அதுவும் பழைய ரெக்கார்ட பாத்து எழுதுனது, அத வச்சு ஊரையே மாத்த முடியாது. முன்பாதத்துக்கு மாறுனா பாரம் எங்கயும் ஓடிடாதுங்க, முட்டில குறையும், ஆனா கெண்டைக்காலும், அத குதிகாலோட சேக்கற அக்கிலிஸ் தசைநாரும் அத வாங்கிக்கும், கடன ஒரு பேங்க்லேந்து இன்னொரு பேங்க்குக்கு மாத்தற மாதிரிதான். முட்டி முன்பக்கம் வலிக்கிற சிலருக்கு நானே மாறச் சொல்லுவேன், அக்கிலிஸ் ஏற்கனவே வீங்கினவங்கள கண்டிப்பா சொல்ல மாட்டேன். ரெண்டு வாரத்துல மாறறேன்னு கிளம்பி பாத எலும்புல வலியோட வர்றவங்கதான் எனக்கு பயம். விரல் விரலா இருக்கே அந்த விப்ரம் ஷூ, காயம் குறையும் பாதம் பலமாகும்னு வித்தாங்க, கேஸ் ஆகி 2014ல 37.5 லட்சம் டாலருக்கு செட்டில் பண்ணாங்க, தெரியும்ல?

புதுசு_குமார்:
மேடம் எனக்கு எங்கயும் வலியே இல்ல, ஆனா குதிகால்தான். மாத்தணுமா?

பிசியோ_மீனா:
வேணாம் குமார். அதுக்குப் பதிலா யாரையாவது சைடுலேந்து போன்ல ஸ்லோமோஷன் எடுக்கச் சொல்லுங்க. கால் தரையத் தொடற அந்த ஃப்ரேம்ல நிறுத்திப் பாருங்க, பாதம் முட்டிய விட ரொம்ப முன்னாடி போயி, கணுக்காலுக்கும் முட்டிக்கும் நடுவுல உள்ள பகுதி பின்பக்கம் சாஞ்சு நின்னா அதான் ஓவர்ஸ்ட்ரைடு, அடிக்கு அடி பிரேக் போட்டுட்டுதான் ஓடறீங்க. அப்படி இருந்தா கேடன்ஸ, அதாவது நிமிஷத்துக்கு எத்தன அடி வைக்கறீங்கன்ற கணக்க, 5லேந்து 10 சதவீதம் ஏத்துங்க, வேகத்த ஏத்தாம. 160 இருந்தா 168 போதும். இதுல முட்டிக்கும் இடுப்புக்கும் பாரம் குறையுதுன்னு 2011லயே அளந்து காட்டியாச்சு. குதிகால்ல லேசா உடம்புக்குக் கிட்ட இறங்குனா ஒண்ணும் ஆகாது.

புதுசு_குமார்:
ஆனா எல்லாரும் 180ன்றாங்களே?

பழைய_மாரத்தான்:
அது ஜாக் டேனியல்ஸ்னு ஒரு கோச் 1984 ஒலிம்பிக்ஸ்ல ரேஸ் ஓடறவங்கள எண்ணிப் பாத்த கணக்கு தம்பி. அவங்க ஓடுன வேகம் என்ன, நம்ம வேகம் என்ன. அத எல்லாருக்கும் விதியா ஆக்கிட்டாங்க.

வெறுங்கால்_வேலு:
கேடன்ஸ் ஏத்துனா தன்னால சில பேரு நடுப்பாதத்துக்கு வந்துருவாங்க மேடம், அப்ப நான் சொன்னதுதான நடக்குது! சுத்தி வளைச்சு அதே ஊருக்குத்தான் வர்றீங்க. எத்தியோப்பியாக்காரர் அபெபே பிகிலா 1960 ரோம் ஒலிம்பிக்ஸ் மாரத்தான்ல வெறுங்கால்லதான் தங்கம் அடிச்சாரு, மறந்துடாதீங்க.

பழைய_மாரத்தான்:
அதே பிகிலா 1964 டோக்கியோல ஷூ போட்டு 2:12:11. ரோம்ல 2:15:16. 🙂

வெறுங்கால்_வேலு:
கோர்ஸ் வேற, வருஷம் வேறண்ணா, இதெல்லாம் ஒரு கம்பேரிசனா.

பழைய_மாரத்தான்:
ஆரம்பிச்சது யாரு? சரி விடுங்க. அமெரிக்கால ஒரு மாரத்தான்ல ஒரே ஆளுங்கள 10வது கிலோமீட்டர்லயும் 32வதுலயும் படம் புடிச்சுப் பாத்தாங்க, போகப் போக முன்பாதமும் நடுப்பாதமும் குறைஞ்சு குதிகால் கூடிருச்சு. அடுத்த லாங் ரன்ல உங்களோட கடைசி கிலோமீட்டர் வீடியோ போடுங்க, முதல் கிலோமீட்டர் வேணாம்.

வெறுங்கால்_வேலு:
போடறேன். நீங்க முட்டிக்குப் போட்ட எம்ஆர்ஐ பில்ல போடுங்க 😂